வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களும் இழந்த சன்னதும்

சிவஞான போதத்திற்கு உரை வகுத்தோர் வரிசையில் வழக்கறிஞர் ஒருவர் உளர். குற்றவாளியெனத் தீர்க்கப்பெற்றுச் செக்கிழுத்தவரும் அவரே. அவர் ஒட்டப்பிடாரம் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள்.

1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் தோன்றிய இவர், தந்தையார் உலகநாத பிள்ளையவர்களின் தொழிலையே தாமும் மேற்கொண்டு, பிளீடர் தேர்வில் தேறி, 1895 முதல் ஒட்டப்பிடாரத்திலும் 1900 முதல் தூத்துக்குடியிலும் வழக்காடி வந்தார். 1906-இல் சுதேசிக் கப்பற் கம்பெனி நிறுவியதும், காலியா, லாவோ என்னும் கப்பல்கள் கொழும்புக்கு ஓடியதும் யாவரும் அறிந்தனவாகலின் ஈண்டு விரித்திலேம்.

1908 ஜூலையில் பின்ஹே என்னும் நீதிபதி இராசத்துரோகக் குற்றஞ்சாட்டி இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோயமுத்தூரிலும் கண்ணனூரிலும் சிறையிருந்து 1912 டிசம்பரில் வெளிவந்தார். மெய்யறம் முதலிய நூல்கள் அச்சிறைவாசத்தின் விளைவு.

உடம்பின் விலங்கு கழன்றும் தொழிலின் விலங்கு கழன்றிலது. வழக்காடும் சன்னது பறிக்கப்பட்டிருந்தது. பிளீடர்களை ஆண்ட 1879-ஆம் ஆண்டுச் சட்டம், தொழிலுக்குத் தகாத ஒழுக்கக் குறையைக் காட்டும் குற்றத்திற் பட்டோரை உயர்நீதிமன்றம் நீக்கலாம் என்றது. குற்றம் யாதாயினும் நீக்குக என்று அது கூறவில்லை. குணத்தின் குறையையே நோக்கிற்று. நாட்டன்பு எவ்வகையான் ஒழுக்கக் குறையாகும் என்பது எமக்கு விளங்கவில்லை. தண்டமும் அருட்செயலே என்பது நம் சித்தாந்தம். ஆயின் அஃது உயிரைத் திருத்தி உயர்த்துதற்பொருட்டு இறைவன் செய்வது. தண்டனை நுகர்ந்து தீர்ந்தவனைப் பிழைப்பின்றி நிறுத்துவது அதன்பாற்படாது.

திருநெல்வேலிச் சீமைக்கு மீளவும் இயலாமையின் பிள்ளையவர்கள் சென்னையில் தங்கிச் சிறு வணிகஞ் செய்து வருந்தினார். தென்னாப்பிரிக்கத் தமிழர் உதவிய 347 ரூபாய் காந்தியடிகள் வாயிலாக 1916-இல் கைவரும் வரை, அதன்பொருட்டுப் பல கடிதங்கள் எழுத நேர்ந்தது. கப்பல் ஓட்டிய கை அதற்கும் காத்திருந்தது! அவ்வறுமையிடையே 1917-இல் திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவருரையுடன் பதிப்பித்தமை வியத்தற்குரியது.

பல்லாண்டு கழிந்தபின், வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் நன்மனத்தால் சன்னது மீண்டது. முன்னைத் தீர்ப்பு அழிக்கப்பட்டிலது. குற்றவாளியென்னும் பெயர் ஏட்டில் நிற்கவே, தொழிலுரிமை மட்டும் திரும்பிற்று. தம்மைச் சிறையிலிட்ட அரசினரைச் சார்ந்தவரே உதவினமையைப் பிள்ளையவர்கள் மறந்திலர். தம் இளைய மைந்தருக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். அயலாரொருவர் பெயர் ஈசுவரன் திருப்பெயரோடு இயைந்து ஒரு சைவ இல்லத்தில் வழங்கிய அழகு வேறெங்குங் கண்டிலேம்.

பின்னர்க் கோவிற்பட்டியிலும் தூத்துக்குடியிலும் வழக்காடினார். முன்னை வருவாய் மீளவில்லை. எனினும் 1928-இல் தொல்காப்பிய எழுத்ததிகாரத்தை இளம்பூரணத்தோடு வெளியிட்டார். பன்னிரு சூத்திரங்களையும் எளிய நடையில் விளக்கும் அவரது சிவஞான போத உரை 1935-இல் வெளிவந்தது. மறு ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் தூத்துக்குடியில் சிவபதம் எய்தினார்.