பாசிக்கே ஆயுளைக் கொடுத்தவர்

மொட்டை மாடி டேங்கைக் கழுவும் நாளில் உள்சுவரில் வழவழவென்று பச்சையாக ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நமக்கு அது தேய்த்துத் தள்ள வேண்டிய பாசி. அதையே ஆயுள் முழுவதும் உற்றுப் பார்த்தவர் ஒருவர் சென்னையில் இருந்தார். முழுப்பெயர் மண்டயம் ஓசூரி பார்த்தசாரதி ஐயங்கார். உண்மையைச் சொல்கிறேன், அந்த ‘ஓசூரி’யைப் பார்த்துத்தான் நான் அவரைப் பற்றிப் படிக்கவே தொடங்கினேன்.

1886-இல் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, அங்கேயே பேராசிரியரானார். லண்டனில் ஃப்ரிட்ச் என்ற பாசியியல் அறிஞரிடம் ஆய்வு செய்தார். ஈர மண்ணில் வளரும் ஒரு புதிய பாசியைக் கண்டபோது, அந்த ஆசிரியரின் பெயரையே அதற்கு வைத்தார்: ஃப்ரிட்சியெல்லா (1932). பிறகு சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தை நடத்தினார்.

குளத்துப் பச்சைப் பாசிகளில்தான் அவருக்குப் பேர் அதிகம். ஆனால் கடலையும் விடவில்லை. பாம்பன் அருகிலுள்ள குருசடைத் தீவின் தாவரங்களைப் பற்றி 1927-லேயே எழுதினார். 1950-இல், அறுபதைக் கடந்த வயதில், மாணவர் பாலகிருஷ்ணனோடு சேர்ந்து பாலிசைஃபோனியா என்ற சிவப்புப் பாசியை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். ரம்ஜான் மாதத்தில் பக்கத்து வீட்டிலிருந்து கடல்பாசி இனிப்பு வந்திருக்குமே, அதுவும் சிவப்புப் பாசியில் எடுப்பதுதான்.

இந்தப் பாசிகளில் ஆண் செல்லுக்கு வால் கிடையாது, நீந்தவே தெரியாது. அதனால் பெண் உறுப்பு தன் உச்சியிலிருந்து ஒரு மெல்லிய இழையை நீட்டிக்கொண்டு காத்திருக்கும். ட்ரைக்கோகைன் என்று அதற்குப் பெயர். அலை கொண்டுவரும் ஆண் செல் அதில் ஒட்டினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஒட்டிவிட்டால் அதன் உட்கரு இழை வழியாகக் கீழே இறங்கிச் சேரும். சேர்ந்த இடத்தைச் சுற்றிக் கலசம்போல ஓர் உறை எழும்பும். அடுத்த தலைமுறை உடனே கடலில் இறங்காது. தாயின் மேலேயே, தாயின் சாரத்தில் வளர்ந்து, வித்துகளான பிறகுதான் வெளியேறும். கண்ணுக்குத் தெரியாத இவ்வளவையும் மைக்ராஸ்கோப்பில் படிப்படியாகப் பின்தொடர வேண்டும். எத்தனை பொறுமை வேண்டுமென்று நினைத்துப் பாருங்கள்!

1963-இல் அவர் காலமானார். வால்வாக்ஸ் வகைப் பச்சைப் பாசிகளைப் பற்றிய அவருடைய பெரிய நூல் அப்போது அச்சேறவில்லை. மாணவர் தேசிகாச்சாரி அதை விட்டுவிடவில்லை. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1981-இல், அது வெளிவந்தது. அட்டையில் இருவர் பெயரும் உண்டு. முதலில் இருப்பது ஆசிரியர் பெயர்.