மதிப்பெண் காட்டாத வேகம்

சிவகாசியில் செய்யப்பட்ட ராக்கெட் ஒன்று தீபாவளி இரவில் சீறிக் கிளம்புகிறது. முதல் சில அடிகளில் உயரம் குறைவு, பாய்ச்சலோ அதிகம். உச்சியைத் தொடும்போது உயரம் மிகுதி. ஆனால், அந்தக் கணத்தில் அது மேலேறும் வேகம் சுழி. எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. எவ்வளவு விரைவாக உயர்கிறது என்பது வேறொரு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு விடை தரும் கருவிதான் பிளஸ் 1 கணிதத்தில் மாணவர்கள் சந்திக்கும் வகைக்கெழு. இந்த வேறுபாடு மனிதர்களுக்கும் உண்டு என்பதற்குச் சீனிவாச இராமானுஜனின் வாழ்க்கையே சான்று.

1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் இராமானுஜன். தந்தை துணிக்கடைக் கணக்கர். பள்ளிப் பருவத்தின் முடிவில், ஜி.எஸ். கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த கணித நூல் அவர் கைக்கு வந்தது. இயற்கணிதம் முதல் நுண்கணிதம் வரை சுமார் 5,000 முடிவுகளை, போதிய விளக்கமின்றி அடுக்கிய நூல் அது. மற்றவர்கள் மனப்பாடம் செய்திருக்கக்கூடிய அந்த முடிவுகளைத் தானே கண்டடைய முயன்றார் இராமானுஜன்.

இரண்டுக்கும் உள்ள தொலைவை ஒரு சதுரத் தாள் விளக்கும். அதன் பக்கத்தைச் சிறிதளவு நீட்டினால், அடுத்தடுத்த இரு விளிம்புகளில் இரண்டு மெல்லிய பட்டைகள் சேரும். மூலையில் சேரும் துண்டு பொருட்படுத்த முடியாத அளவு சிறியது. எனவே, பரப்பு கூடும் வீதம் பக்கத்தின் இருமடங்கு. அடுக்கை முன்னால் எழுதி, அடுக்கில் ஒன்றைக் குறை என்று நாம் ஒப்பிக்கும் விதிக்குள் இருப்பது இந்தப் படம்தான்.

விதியின் உள்ளே புகுந்து பார்த்தவரைத் தேர்வுகள் கைவிட்டன. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904-இல் கிடைத்த உதவித்தொகை, ஆங்கிலத்தில் தேறாததால் பறிபோனது. சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் வெற்றி கிட்டவில்லை. தாள் வாங்க வசதியின்றிச் சிலேட்டில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவுகளை மட்டும் குறிப்பேட்டில் பதிந்தார். 1907-இல் அவருடைய சான்றிதழை மட்டும் பார்த்தவருக்கு அவர் தோற்ற மாணவர். குறிப்பேட்டைப் பார்த்தவருக்கோ பாயும் ராக்கெட்.

குறிப்பேட்டைப் பார்த்தவர்கள் சிலர் இருந்தார்கள் என்பதே நம் நற்பேறு. இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கிய வி. இராமசாமி ஐயர், நெல்லூர் ஆட்சியர் ஆர். இராமச்சந்திர ராவ் ஆகியோர் துணைநின்றனர். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் எழுத்தர் வேலை கிடைத்தது. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதே ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது.

அதற்காக அவர் அளித்த காலாண்டு அறிக்கைகளில் வகைக்கெழு புதிய எல்லைக்குச் சென்றது. ஒரு சார்பை ஒரு முறை, இரு முறை வகையிடலாம். அரை முறை வகையிட்டால் என்ன ஆகும்? லைப்னிட்ஸ் காலத்திலேயே எழுந்த இக்கேள்வியை இராமானுஜன் தமக்கே உரிய வழியில் அணுகினார். எஃப்.ஏ. தேறாதவர் 1918-இல் இராயல் கழக உறுப்பினரானார். 1919-இல் நோயுடன் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26-இல் 32 வயதில் மறைந்தார்.

பிளஸ் 2 தேர்ச்சி விழுக்காட்டில் பல ஆண்டுகள் மாநிலத்தில் முதலிடம் பிடித்த மாவட்டம் விருதுநகர். பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர்களின் பிள்ளைகள் கல்வியால் உயர்ந்ததற்கு அந்தத் தேர்ச்சி வழிவகுத்தது. அதைக் குறைத்து மதிப்பிடுவது அநீதி. ஆயினும், தேர்ச்சி விழுக்காடு உயரத்தை மட்டுமே அளக்கிறது. நூற்றுக்கு 30 எடுத்த மாணவி, சென்ற தேர்வில் பத்து எடுத்திருந்தாள் என்பதை அது சொல்வதில்லை.

வகைக்கெழுவைக் கற்பிக்கும் ஆசிரியர், தம் மாணவர்களையும் அதே கண்ணால் பார்க்கலாம். விடைத்தாளைத் திருத்தி முடித்த பிறகு, அவர்களின் குறிப்பேட்டையும் ஒரு முறை புரட்டிப் பார்ப்பதே அதற்கான தொடக்கம்.