மரமே இல்லாமல் மண் கூரை: யார் இந்த ஹசன் ஃபத்தி?

வெயில் கொளுத்துகிறது. கையில் காசு இல்லை. மரமும் இரும்பும் கிடைக்கவில்லை. காலுக்குக் கீழே மண் மட்டும்தான் இருக்கு. வீடு கட்ட முடியுமா?

முடியும் என்று காட்டியவர் எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபத்தி. 1900இல் அலெக்சாந்திரியாவில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். கெய்ரோவில் படித்து 1926இல் பட்டம் பெற்றார்.

சுவர் சுலபம், கூரைதான் தலைவலி!

களிமண், மணல், வைக்கோல் கலந்து வெயிலில் காயவைத்த பச்சைச் செங்கலால் சுவர் எழுப்புவது எகிப்திய விவசாயிகளுக்குக் கைவந்த கலை. ஆனால் கூரை போட உத்தரம் வேணுமே? இரண்டாம் உலகப் போர் நேரத்தில் மரமும் இரும்பும் அரிதாகிவிட்டன.

வளைவான மண் கூரை போட்டுப் பார்த்தார் ஃபத்தி. இடிந்து விழுந்தது.

அப்போதுதான் தெற்கே அஸ்வான் பகுதியின் நுபிய கொத்தனார்களைப் பற்றி அவருடைய அண்ணன் சொன்னார். 1941இல் நேரில் போய்ப் பார்த்தார். விஷயம் எளிமையானது. முதல் வரிசைக் கற்களைப் பின்சுவரில் சாய்த்து ஒட்டுகிறார்கள். அடுத்த வரிசை அதன்மேல் சாய்கிறது. கீழே முட்டுக்கொடுக்கப் பலகையே தேவையில்லை. பட்டம் வாங்கியவருக்குத் தெரியாதது கிராமத்துக் கொத்தனாருக்குத் தெரிந்திருந்தது!

உள்ளே எவ்வளவு சூடு?

1964இல் கெய்ரோவில் ஒரு சோதனை நடந்தது. மண் வீட்டுக்குள் ஒரு நாள் முழுக்க வெப்பம் சுமார் 2 டிகிரிதான் ஏறி இறங்கியது. கான்கிரீட் மாதிரி வீட்டுக்குள் 36 டிகிரி செல்சியஸைத் தொட்டது. தடித்த மண் சுவர் பகல் சூட்டை மெதுவாக வாங்கி, குளிர்ந்த இரவில் விட்டுவிடும். (இரவிலும் புழுங்கும் நம் ஊரில் இதே பலனை எதிர்பார்க்க முடியாது.)

சரி, மக்கள் குடிபோனார்களா?

அங்கேதான் சிக்கல். லக்ஸர் அருகே குர்னா கிராமத்தார் பழங்காலக் கல்லறைகளின் மேலேயே வாழ்ந்தார்கள். கல்லறைத் திருட்டைத் தடுக்க, சுமார் 7,000 பேரை இடம் மாற்ற அரசாங்கம் முடிவெடுத்தது. புதிய கிராமத்தைக் கட்டும் பொறுப்பு ஃபத்திக்கு வந்தது. 1945இல் வேலை தொடங்கியது. பள்ளிவாசல், சந்தை, பள்ளிக்கூடம், நாடக அரங்கு எல்லாம் அவர் திட்டத்தில் இருந்தன.

கிராமத்தாருக்கோ வர மனமில்லை. சுற்றுப்பயணிகளும் பழம்பொருள்களும்தான் பலருக்குப் பிழைப்பு. குவிமாடக் கூரை அவர்கள் கண்ணுக்குச் சமாதி போலத் தெரிந்தது என்றும் சொல்வதுண்டு. ஒரு கட்டத்தில் சிலர் கரையை வெட்டிக் கிராமத்துக்குள் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள். அரசாங்க அலுவலகங்களில் கோப்பும் நகரவில்லை. 1948இல் வேலை பாதியில் நின்றது.

இடமாற்றம் அரசாங்கத்தின் முடிவு. பழி மட்டும் மண் வீட்டின் தலையில் விழுந்தது.

அந்த அனுபவத்தை ஃபத்தி 1969இல் புத்தகமாக்கினார். 1973இல் அது அமெரிக்காவில் வெளியானதும் உலகமே திரும்பிப் பார்த்தது. தமிழ்நாட்டில் உள்ள ஆரோவில்லில் இன்றும் அதே நுபிய முறையைக் கற்றுத்தருகிறார்கள்.

ஃபத்தி 1989இல் காலமானார். மலைமேல் இருந்த பழைய குர்னா வீடுகளில் பெரும்பாலானவற்றை அரசாங்கம் 2006க்குப் பிறகு இடித்தது. அந்தக் குடும்பங்கள் போய்ச் சேர்ந்தது ஃபத்தியின் கிராமத்துக்கு அல்ல, வேறொரு புதிய குடியிருப்புக்கு.