பழைய எஞ்சினைப் புதுப்பித்த பேர்ட் மன்றோ



விஞ்ஞானப் பாடத்தில் விசை, உராய்வு, வேகம், வலு என்பவற்றைக் கற்கின்றீர்கள். கணித பாடத்தில் உருளையின் கனவளவையும் இடையையும் கணிக்கின்றீர்கள். இவை பரீட்சைத் தாளோடு முடிந்துவிடுபவை என்று நினைக்கின்றீர்களா? பணவசதி இல்லாத ஒரு மனிதர் தமது சிறிய கொட்டிலில் இருந்துகொண்டு ஒரே ஒரு பழைய மோட்டார் சைக்கிளை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் திருத்தி உலக சாதனை படைத்தார். அவரது வாழ்க்கையை வாசிக்கும்போது மேற்சொன்ன பாடங்கள் யாவும் உங்கள் கண்முன்னே வந்து நிற்கும்.

1. பிறப்பும் இளமையும்

ஹேர்பேர்ட் ஜேம்ஸ் மன்றோ என்னும் இயற்பெயருடைய பேர்ட் மன்றோ 1899ஆம் ஆண்டு மார்ச் 25ஆந் திகதி நியூசிலாந்தில் பிறந்தார். அந்நாட்டின் தென் கோடியில் உள்ள இன்வர்கார்கில் நகரை அடுத்த எடென்டேல் பகுதியில் இருந்த பண்ணையிலே வளர்ந்தார். பண்ணை வேலையை விட வேகமே அவரது மனதைக் கவர்ந்தது.

1920ஆம் ஆண்டு அவர் 'இந்தியன் ஸ்கவுட்' என்னும் மோட்டார் சைக்கிளை வாங்கினார். பெயரைக் கண்டு அதனை இந்தியாவில் செய்யப்பட்டது என எண்ணிவிடாதீர்கள். ஐக்கிய அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் இருந்த 'இந்தியன்' என்னும் நிறுவனமே அதனைத் தயாரித்தது. 'வி' வடிவில் அமைந்த இரண்டு உருளைகளையும் ஏறத்தாழ 600 கன சென்ரிமீற்றர் கொள்ளளவையும் கொண்ட எஞ்சின் அது. அதன் உச்ச வேகம் மணிக்கு சுமார் 88 கிலோமீற்றர் மட்டுமே.

2. பகலில் தொழில், இரவில் ஆராய்ச்சி

1926ஆம் ஆண்டு முதல் மன்றோ இந்த எஞ்சினைத் திருத்தத் தொடங்கினார். பகலில் அவர் மோட்டார் சைக்கிள் விற்பனையாளராக வேலை செய்தார். இரவுகளில் விடியும் வரை தமது இயந்திரத்துடன் இருப்பார். புதிய உதிரிப்பாகங்கள் வாங்க அவரிடம் பணம் இருக்கவில்லை. அவர் விரும்பிய வேகத்திற்கு ஏற்ற பாகங்கள் கடைகளில் இருக்கவுமில்லை. ஆகவே தாமே செய்யத் துணிந்தார்.

அவர் பயன்படுத்திய பொருள்களைப் பாருங்கள்.

பிஸ்டன்: பழைய தகரப்பேணிகளை அச்சாகக் கொண்டு உலோகத்தை உருக்கி வார்த்தார்.
உருளை: கைவிடப்பட்ட வார்ப்பிரும்பு வாயுக் குழாய்களிலிருந்து செய்தார்.
இணைப்புத் தண்டு: உழவு இயந்திரம் ஒன்றின் அச்சுத் தண்டிலிருந்து கையால் வெட்டியும் அராவியும் உருவாக்கினார்.
அளவுக் கருவி: ஸ்போக் கம்பியொன்றைக் கொண்டு தமக்கென ஒரு நுண்மானித் திருகுக் கணிச்சியைச் செய்துகொண்டார்.

குறைந்த செலவு என்பது குறைந்த கவனம் அன்று என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளுங்கள். பொருள் குப்பையிலிருந்து வந்தாலும் அளவு நுணுக்கமாக இருக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

3. எஞ்சினின் வலுவைக் கூட்டிய வழிகள்

(அ) கொள்ளளவைக் கூட்டுதல்: உருளையின் கனவளவு அதன் ஆரையின் வர்க்கத்திற்கு விகிதசமமானது என்பது உங்களுக்குத் தெரியும். ஆரையை 10 சதவீதம் கூட்டினால் கனவளவு 21 சதவீதம் கூடும். கொள்ளளவு கூடும்போது ஒவ்வொரு வட்டத்திலும் கூடுதலான வளியும் எரிபொருளும் உட்புகுந்து எரியும். மன்றோ 600 கன சென்ரிமீற்றர் எஞ்சினைப் படிப்படியாக 850 ஆகவும், இறுதியில் 950 ஆகவும் பெருப்பித்தார்.

(ஆ) எஞ்சினை நன்கு 'சுவாசிக்க'ச் செய்தல்: ஆரம்பத்தில் இந்த எஞ்சினின் வால்வுகள் உருளையின் பக்கத்தில் இருந்தன. இவ்வமைப்பில் வளி வளைந்து திரும்பியே உள்ளே செல்ல வேண்டும். மன்றோ வால்வுகளை உருளையின் தலைப்பகுதிக்கு மாற்றினார். அதனால் எரிபொருட் கலவை இலகுவாக உட்புகுந்தது. எரிந்த வாயு இலகுவாக வெளியேறியது. வால்வுகளை இயக்கும் நெம்புருள்களையும் அவரே செய்தார்.

(இ) வளித்தடையைக் குறைத்தல்: வேகம் இரு மடங்கானால் வளித்தடை நான்கு மடங்காகும். அதை வெல்லத் தேவையான வலுவோ எட்டு மடங்காகும். மணிக்கு 88 கிலோமீற்றரிலிருந்து 295 கிலோமீற்றருக்குச் செல்ல, வண்டியின் வடிவம் மாறாதிருந்தால், வளித்தடையை வெல்வதற்கு மாத்திரம் ஏறத்தாழ 38 மடங்கு வலு வேண்டும். எஞ்சினை மட்டும் திருத்தி இதனை அடைய முடியாது. எனவேதான் அவர் மீனின் உடல் போன்ற அருவிக்கோட்டு வடிவ உறையொன்றால் வண்டியை மூடி, அதனுள்ளே படுத்தபடி ஓட்டினார்.

4. உடைந்த பாகங்கள் கற்பித்த பாடம்

வலு கூடக் கூட எஞ்சின் உடைவதும் கூடியது. சுழற்சி வேகம் இரு மடங்காகும்போது, மேலும் கீழுமாக ஓடும் பிஸ்டனை நிறுத்தித் திருப்பத் தேவையான விசை நான்கு மடங்காகின்றது. அந்த விசை முழுவதையும் தாங்குவது இணைப்புத் தண்டு. அது முறிந்தால் கணப்பொழுதில் எஞ்சினின் உட்புறம் சிதறிவிடும். பல மாத உழைப்பு ஒரே ஓட்டத்தில் வீணாகிப்போன சந்தர்ப்பங்கள் மன்றோவின் வாழ்வில் பல.

அப்போது அவர் என்ன செய்தார்? உடைந்த பிஸ்டன்களையும் தண்டுகளையும் எறிந்துவிடவில்லை. வேகக் கடவுளுக்குப் படைத்த காணிக்கைகள் என வேடிக்கையாகப் பெயரிட்டு, கொட்டிலில் ஒரு தட்டில் வரிசையாக அடுக்கி வைத்தார். அவற்றைப் பார்த்து எங்கே முறிந்தது, ஏன் முறிந்தது என்று ஆராய்ந்து, அடுத்ததை அதைவிட உறுதியாகச் செய்தார். பரீட்சையில் பிழைத்த விடைத்தாளைக் கிழித்தெறியும் மாணவனுக்கும், பிழைத்த இடத்தைத் தேடித் திருத்தும் மாணவனுக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெரிகின்றது அல்லவா?

இந்த முயற்சிக்கு அவர் கொடுத்த விலையும் சிறியதன்று. ஓட்டங்களின்போது பல தடவை விழுந்து காயமடைந்தார். நான்கு பிள்ளைகளின் தந்தையான அவரது மணவாழ்க்கை 1940களின் பிற்பகுதியில் முறிந்தது. அதன் பின்னர் வேலையையும் விட்டுக் கொட்டிலிலேயே வாழ்ந்தார். அவரது விடாமுயற்சியைப் போற்றும் நாம் இதனையும் மறைக்காமல் அறிந்துகொள்ள வேண்டும்.

5. பொன்வில் உப்புவெளியில்

மன்றோ 1938ஆம் ஆண்டு தமது முதலாவது நியூசிலாந்துச் சாதனையை நிலைநாட்டினார். இன்வர்கார்கிலுக்கு அருகில் உள்ள ஒரேட்டிக் கடற்கரையின் மணற்பரப்பு அவரது ஓட்டக்களமாக இருந்தது. எனினும் உச்ச வேகத்தை அறிவதற்கு இன்னும் நீண்ட, சமதளமான இடம் தேவைப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பொன்வில் உப்புவெளி அத்தகையது. பண்டைய ஏரியொன்று வற்றியதால் உண்டான கடினமான சமவெளி அது.

மன்றோ பசிபிக் சமுத்திரத்தைக் கடந்து தமது வண்டியை அங்கே கொண்டு சென்றார். 1962ஆம் ஆண்டு, தமது 63ஆவது வயதில், 850 கன சென்ரிமீற்றர் எஞ்சினுடன் மணிக்கு 288 கிலோமீற்றர் வேகத்தில் ஓடி, 883 கன சென்ரிமீற்றர் வகுப்பில் சாதனை படைத்தார். 1966இல் மீண்டும் ஒரு சாதனை புரிந்தார். 1967ஆம் ஆண்டு, 68ஆவது வயதில், 950 கன சென்ரிமீற்றர் எஞ்சினுடன் ஓடினார். அப்போது பதிவான சாதனை வேகம் மணிக்கு 183.586 மைல். இது ஏறத்தாழ 295 கிலோமீற்றராகும். அவரது வண்டிக்கு அப்போது வயது 47!

6. மறைந்த பின் திருத்தப்பட்ட கணக்கு

மன்றோ 1978ஆம் ஆண்டு ஜனவரி 6ஆந் திகதி காலமானார். ஆனால் அவரது கதை அத்துடன் முடியவில்லை.

பொன்வில்லில் ஒரு சாதனை ஏற்கப்படுவதற்கு இரு எதிர்த் திசைகளிலும் ஓட வேண்டும். காற்றின் உதவி ஒரு திசையில் மட்டும் கிடைத்துவிடாதிருக்கவே இந்த விதி. இரு வேகங்களினதும் இடையே சாதனையாகப் பதியப்படும். 1967இல் மன்றோ வடக்கு நோக்கி மணிக்கு 184.710 மைல் வேகத்திலும், தெற்கு நோக்கி 183.463 மைல் வேகத்திலும் ஓடியிருந்தார். இவற்றின் இடையை நீங்களே கணித்துப் பாருங்கள். பதிவில் இருந்த 183.586 வருகின்றதா? வராது.

பல ஆண்டுகளின் பின் மன்றோவின் மகனே இந்தப் பிழையைக் கண்டுபிடித்தார். அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் 2014ஆம் ஆண்டு அதனை ஏற்று, சாதனையை மணிக்கு 184.087 மைல் எனத் திருத்தியது. மன்றோ மறைந்து 36 ஆண்டுகளின் பின் கிடைத்த நீதி இது. கூட்டி இரண்டால் வகுக்கும் எளிய கணக்கிலும் விடையைச் சரிபார்க்க வேண்டும் என்பதற்கு இதனை விடச் சிறந்த உதாரணம் வேறு உண்டோ?

2005ஆம் ஆண்டு இவரது வாழ்க்கை திரைப்படமாக வெளிவந்தது. 2006ஆம் ஆண்டு அமெரிக்க மோட்டார் சைக்கிள் புகழ் மண்டபத்தில் இவரது பெயர் சேர்க்கப்பட்டது.

மாணவர்களே! வேகமாக ஓட்டுவதை இவரிடமிருந்து கற்க வேண்டாம். அவர் சாதனை படைத்தது பொதுப் பாதையில் அன்று. அதற்கென ஒதுக்கப்பட்ட உப்புவெளியிலே. நல்ல கருவி இல்லை, பணம் இல்லை என்று நின்றுவிடாமல் கையில் உள்ளதைக் கொண்டு தொடங்குவதையும், உடைந்ததிடம் காரணம் கேட்பதையும், ஒவ்வோர் அளவையும் சரிபார்ப்பதையும் கற்றுக்கொள்ளுங்கள்.

நினைவிற் கொள்க

1899 – பிறப்பு
1920 – மோட்டார் சைக்கிளை வாங்குதல்
1926 – திருத்த வேலைகளின் ஆரம்பம்
1962, 1966, 1967 – பொன்வில் சாதனைகள்
1978 – மறைவு
2014 – சாதனைக் கணக்குத் திருத்தப்படல்

பயிற்சி வினாக்கள்

1. மன்றோ கழிவுப் பொருள்களைக் கொண்டு செய்த மூன்று பாகங்களைக் குறிப்பிடுக.
2. வால்வுகளை உருளையின் தலைப்பகுதிக்கு மாற்றியதால் ஏற்பட்ட நன்மை யாது?
3. உருளையின் ஆரை 20 சதவீதத்தால் கூடினால் கனவளவு எத்தனை சதவீதத்தால் கூடும்? (உயரம் மாறவில்லை எனக் கொள்க.)
4. சாதனை ஓட்டத்தை இரு திசைகளிலும் ஓட வேண்டும் என விதித்திருப்பதன் காரணத்தை விளக்குக.
5. உடைந்த பாகங்களை மன்றோ பாதுகாத்து வைத்ததிலிருந்து நீர் பெறும் படிப்பினையை ஐந்து வசனங்களில் எழுதுக.

விடைக் குறிப்பு: வினா 3 – 44 சதவீதம்.