கடலடித் தந்தியில் பிறந்த மைத்துளி: இங்க்ஜெட் பிரிண்டருக்கு வழிகாட்டிய லார்டு கெல்வின்

திண்டுக்கல் நாகல் நகரில் ஐப்பசி மழை பெய்யும்போது ஒரு கடையில் கலர் பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். சித்திரை வெயிலில் சட்டென்று காய்ந்த அதே மை, இப்போது விரல் பட்டாலே இழுசிக்கொள்ளும். பிரிண்டர் அதேதான், மையும் அதேதான். காற்றிலும் தாளிலும் ஏறியிருக்கும் ஈரம்தான் புதுசு.

இங்க்ஜெட் மையில் பெரும்பகுதி தண்ணீர். அதனிடம் நாம் எதிர்பார்ப்பது ரெண்டு எதிரெதிர் வேலைகள். முடியைவிட மெல்லிய துளைக்குள் இருக்கும்வரை அது காயவே கூடாது, காய்ந்தால் அடைப்பு. தாளில் விழுந்த நொடியே காய வேண்டும்; காயாவிட்டால் கறை. இந்த இழுபறியை முதலில் சந்தித்தவர்களில் ஒருவர், கம்ப்யூட்டர் வருவதற்கு ரொம்ப காலம் முன்பே வாழ்ந்தவர். வெப்பநிலை அளவையில் பெயர் வரும் அதே கெல்வின்தான்.

பத்து வயதில் பல்கலைக்கழகம்

அவருடைய இயற்பெயர் வில்லியம் தாம்சன். 1824 ஜூன் 26-இல் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்தார். ஆறு வயதிலேயே அம்மாவை இழந்தார். அப்பா கணக்குப் பேராசிரியர். பிள்ளைகளுக்குத் தானே பாடம் சொல்லிக்கொடுத்தார். அப்பாவுக்கு கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வேலை கிடைக்க, குடும்பம் ஸ்காட்லாந்துக்குப் போனது. வில்லியம் அங்கே மாணவராகச் சேர்ந்தபோது வயது 10. கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு 1846-இல் அதே கிளாஸ்கோவில் பேராசிரியரானார். அப்போது வயது 22. அந்த நாற்காலியில் 53 ஆண்டுகள் இருந்தார். 1848-இல் அவர் முன்வைத்த முழு வெப்பநிலை அளவைதான் இன்று அவர் பெயரில் கெல்வின் அலகாக வழங்குகிறது.

அட்லாண்டிக்கில் மூழ்கிய பணம்

1850-களில் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் கடலுக்கடியில் தந்திக் கம்பியால் இணைக்க ஒரு நிறுவனம் கிளம்பியது. மூலதனம் 3,50,000 பவுண்டு. தாம்சனும் அதில் ஒரு இயக்குநர். நீளமான கம்பியில் மின்குறி மங்கி, இழுபட்டு, மெதுவாகத்தான் போய்ச்சேரும் என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். நிறுவனத்தின் மின்துறைப் பொறுப்பிலிருந்த வைல்ட்மேன் வைட்ஹவுஸ் அதை ஏற்கவில்லை.

1858 ஆகஸ்டில் கம்பி கரை சேர்ந்தது. விக்டோரியா ராணியின் 98 சொல் வாழ்த்துச் செய்தி போய்ச்சேர சுமார் 16 மணி நேரம் ஆனது. ஒரு சொல்லுக்குப் பத்து நிமிடம்! குறியைப் பலப்படுத்த வைட்ஹவுஸ் சுமார் 2,000 வோல்ட் வரை ஏற்றிப் பார்த்தார். ஏற்கெனவே பலவீனமாக இருந்த கம்பி சில வாரங்களில் செத்துப்போனது. அவ்வளவு பணமும் கடலுக்கடியில் போச்சு.

தாம்சன் யோசித்த வழி நேர்மாறானது. குறியைப் பெரிதாக்க வேண்டாம். சின்னக் குறியையும் உணரும் கருவி போதும். ஒளிக்கதிரைத் திருப்பிக் காட்டும் குட்டிக் கண்ணாடி ஒன்றை வைத்துக் கருவி செய்தார். 1866-இல் நிரந்தரமான அட்லாண்டிக் கம்பி வேலை செய்யத் தொடங்கியதும் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது.

தாளைத் தொடாத பேனா

ஆனால் ஒளிப்புள்ளியை ஒரு ஆள் கண் கொட்டாமல் பார்த்து எழுத வேண்டியிருந்தது. கண் அசந்தால் செய்தி போச்சு. செய்தியைத் தாளிலேயே பதிய வைக்கலாம் என்றால், பேனா முனை தாளில் உரசும். கடல் தாண்டி வரும் மின்னோட்டத்துக்கு அந்த உரசலைத் தள்ளும் தெம்புகூட கிடையாது.

1867-இல் தாம்சன் காப்புரிமை வாங்கிய சைபன் ரெக்கார்டர்தான் இதற்கு விடை. தலைமுடி போல மெல்லிய கண்ணாடிக் குழாய். ஒரு முனை மைக் கிண்ணத்தில், மறுமுனை ஓடும் காகித நாடாவுக்குச் சற்று மேலே. மைக்கு மின்னூட்டம் கொடுத்தார். மின்விசையால் இழுக்கப்பட்ட மை, நுண்துளிகளாகத் தெறித்து நாடாவில் விழுந்தது. குழாய் தாளைத் தொடவே இல்லை. இங்க்ஜெட்டின் அடிப்படை யோசனை இதுதான்.

சிக்கல் வந்தது ஈரக் காற்றில். காற்றில் ஈரப்பதம் ஏறினால் மின்னூட்டம் கசிந்துபோகும், மை தெறிக்காது. 1870-71-இல் பம்பாய்க்கும், மெட்ராஸிலிருந்து பினாங்கு, சிங்கப்பூருக்கும் கடலடிக் கம்பிகள் வந்துவிட்டன. கடற்கரைப் புழுக்கத்துக்கு இது ஒத்துவருமா? பின்னாளில் மின்னூட்டத்தை விட்டுவிட்டு, குழாயை லேசாக அதிரவைத்து மையை உதிர்க்கும் முறை வந்தது.

அண்ணன் கண்ட ஒயின் கண்ணீர்

வில்லியமின் அண்ணன் ஜேம்ஸ் தாம்சன் ஒரு பொறியாளர். ஒயின் கோப்பையின் உள்விளிம்பில் கண்ணீர் போல வழியும் துளிகளுக்கு 1855-இல் அவர் காரணம் சொன்னார். ஆல்கஹால் சீக்கிரம் ஆவியாவதால் விளிம்பில் பரப்பு இழுவிசை கூடுகிறது. அது திரவத்தைத் தன் பக்கம் இழுக்கிறது. பிறகு இதையே ஆராய்ந்த இத்தாலியர் மரங்கோனியின் பெயர்தான் இந்த விளைவுக்கு நிலைத்தது.

மைத்துளி காய்வதிலும் இதே ஆட்டம்தான். துளியின் விளிம்பு முதலில் காயும். அங்கே பற்றாக்குறையாகும் தண்ணீரை ஈடுகட்ட நடுவிலிருந்து மை ஓடிவரும், நிறமும் கூடவே வந்து விளிம்பில் தங்கும். மேஜையில் சிந்திய காபி வளையமாகக் காய்வது இதனால்தான். மெதுவாக ஆவியாகும் வேறொரு திரவத்தைத் தண்ணீரோடு சரியாகக் கலந்தால், ஜேம்ஸ் சொன்ன இழுப்பை வைத்தே நிறத்தை நடுவுக்குத் திருப்பிவிடலாம்.

தம்பி 1871-இல் இன்னொரு விதியைத் தந்தார். துளி சிறுக்கச் சிறுக்க, அதன் வளைந்த மேற்பரப்பிலிருந்து தண்ணீர் தப்பிப்பது சுலபமாகிறது. நுண்துளைக்குள் குழிந்து நிற்கும் தண்ணீருக்கோ இது தலைகீழ். அது தப்பிப்பது கஷ்டம். 10 நானோமீட்டர் அளவுக்கு வந்தால் இந்த வித்தியாசம் சுமார் 10 சதவீதம். போட்டோ தாள் தொட்டால் காய்ந்தது போல இருந்தும், உள்ளே ஈரம் சிறிது நேரம் தங்குவதற்கு இந்த விதியும் ஒரு காரணம்.

இன்றைக்கு என்ன பயன்?

தாம்சன் 1867-இல் சொட்டும் தண்ணீரிலிருந்து மின்னூட்டம் சேர்க்கும் கருவி ஒன்றும் செய்தார். துளி பிரியும் இடத்தில் மின்வளையம் வைத்தால் துளி மின்னேற்றத்தோடு விழும். பிஸ்கட் பாக்கெட்டிலும் தண்ணீர் பாட்டிலிலும் காலாவதி தேதி அடிக்கும் இயந்திரங்கள் துளிக்கு மின்னேற்றுவது இதே வழியில்தான். பிளாஸ்டிக் மையை உறிஞ்சாது என்பதால் அங்கே தண்ணீருக்குப் பதில் சீக்கிரம் பறக்கும் கரைப்பான் மை.

தண்ணீர் மையைச் சீக்கிரம் காயவைக்க வழி மூன்று. முதலாவது தாள்: சிலிக்கா போன்ற நுண்துளைப் பூச்சு இருந்தால் தண்ணீர் உடனே உள்ளே இறங்கும். இரண்டாவது மை: சாதாத் தாளுக்கு பிரிண்டரில் சாதாத் தாள் என்றே தேர்வு செய்தால் மை அளவாக விழும். மூன்றாவது காற்று: சூட்டைவிட ஓட்டம் முக்கியம். தாளின் மேல் தேங்கும் ஈரக் காற்றை ஃபேன் தள்ளினாலே பாதி வேலை முடிஞ்சுது. அடித்த தாள்களை உடனே அடுக்கினால் அந்தக் காற்றுக்கு வழியே இல்லை.

சறுக்கலும் சிகரமும்

எல்லாவற்றிலும் அவர் சரியாக இருந்துவிடவில்லை. பூமி ஆறும் வேகத்தை வைத்து அதன் வயது 2 முதல் 4 கோடி ஆண்டு என்றார். உண்மையில் சுமார் 450 கோடி. அதில் கடைசிவரை பிடிவாதமாகவே இருந்தார்.

1892-இல் பிரபு பட்டம் கிடைத்தபோது, தன் பல்கலைக்கழகத்தை ஒட்டி ஓடும் கெல்வின் ஆற்றின் பெயரை எடுத்துக்கொண்டார். 1907 டிசம்பர் 17-இல் காலமானார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நியூட்டன் அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் இறந்து 44 ஆண்டு கழித்து, 1951-இல், சுவீடனின் ரூனே எல்ம்க்விஸ்ட் மெல்லிய குழாயிலிருந்து மையைப் பீய்ச்சிப் பதியும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அதன் வேலை, கடல் தாண்டி வந்த குறிகளைப் போலவே மிக மெலிந்த இன்னொரு மின்குறியைத் தாளில் வரைவது. அது மனித இதயத்தின் துடிப்பு.