நகையும் நல்குரவும்: ஜெரோம் கே. ஜெரோம்

‘படகில் மூவர்’ எனத் தமிழில் சொல்லத்தக்க தலைப்புடைய ஆங்கில நூல் 1889இல் வெளிவந்தது. மூன்று நண்பர்கள் ஒரு நாயுடன் தேம்சு ஆற்றில் படகேறிச் சென்ற கதையைக் கூறும் அந்நூல், நூறாண்டுகளுக்கும் மேலாகப் படிப்போரைச் சிரிக்க வைத்து வருகிறது. அதனை எழுதிய ஜெரோம் கே. ஜெரோம் ஓய்வும் செல்வமும் வாய்த்த சுகவாசி என்றே பலரும் எண்ணிக்கொள்வர். சோம்பலைப் போற்றிக் கட்டுரை வரைந்த அவருக்கு, இளமையில் சோம்பியிருக்க ஒரு நாளும் வாய்த்ததில்லை.

இங்கிலாந்தின் வால்சால் என்னும் ஊரில் 1859 மே 2ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் இரும்புப்பொருள் வணிகர்; சமயச் சொற்பொழிவும் ஆற்றுபவர். நிலக்கரிச் சுரங்கத் தொழிலில் இறங்கிக் கைப்பொருளை இழந்தார். குடும்பம் கிழக்கு இலண்டனில், வறியோர் நெருங்கி வாழ்ந்த பாப்ளர் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. அந்நாளில் விக்டோரியா பூங்காவில் தம்மோடு பேசிக்கொண்டிருந்த பெரியவர் சார்லஸ் டிக்கன்சே என்று ஜெரோம் கடைசிவரை நம்பினார். அந்நம்பிக்கைக்குச் சான்று தேட வேண்டியதில்லை; டிக்கன்சின் ஏழை மாந்தர் உலவிய தெருக்களில்தான் அச்சிறுவன் வளர்ந்தான்.

13ஆம் வயதில் தந்தையையும் 15ஆம் வயதில் தாயையும் இழந்ததால் படிப்பு நின்றது. இருப்புப்பாதை நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார்; பாதையோரம் சிதறிய நிலக்கரியைப் பொறுக்குவதே தொடக்கத்தில் அவர் பணி. நான்காண்டுகள் அங்கே கழிந்தன. பின்னர் வேறு பெயர் புனைந்துகொண்டு ஊர் ஊராகச் செல்லும் நாடகக் குழுக்களில் நடித்தார். குழுவினர் தம் உடைகளைத் தாமே வாங்கிக்கொள்ள வேண்டிய நிலை. மூன்றாண்டுகளுக்குப் பின் 21 வயது இளைஞராகக் கையில் காசின்றி இலண்டன் திரும்பினார். இரவு தங்கக் காசு கொடுத்து ஒண்டும் ஏழையர் விடுதிகளிலும் படுத்திருக்கிறார்.

அவர்தம் நகைச்சுவைக்குப் பள்ளிக்கூடமாக அமைந்தது அடுத்த கட்டமே. நீதிமன்றம், விபத்து, பொதுக்கூட்டம் எனச் செய்தி கிடைக்கும் இடங்களுக்கெல்லாம் ஓடி, எழுதியதை இதழ் அலுவலகங்களில் கொடுத்து, அச்சேறிய வரிக்கு இவ்வளவு எனக் கூலி பெறும் கூட்டம் ஒன்று அக்கால இலண்டனில் இருந்தது. எவ்விதழிலும் அவர்களுக்கு நிலையான இடமில்லை. அச்சேறாத வரிக்குக் காசுமில்லை. ஒரே நிகழ்ச்சியைப் பலரும் எழுதிக் கொண்டுவரும்போது, சற்றே நகை கலந்து எழுதிய படியைத் துணையாசிரியர்கள் விரும்பி எடுத்துக்கொள்வதை ஜெரோம் கண்டுகொண்டார். சிரிக்க வைத்தால் இரவு உணவு உண்டு. பிறவி நகைச்சுவையாளர் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இவரிடத்தில் அந்நகை உழைத்துக் கற்ற தொழில் எனலே பொருந்தும். இடையிடையே ஆசிரியராகவும், சரக்குக் கட்டுபவராகவும், வழக்கறிஞர் அலுவலக எழுத்தராகவும் பணிபுரிந்தார். அனுப்பிய கதைகளும் கட்டுரைகளும் பெரும்பாலும் திரும்பி வந்தன.

நாடக வாழ்க்கையின் அவலங்களையே வேடிக்கையாக எழுதிய நூல் 1885இல் அச்சேறியது. சோம்பேறி ஒருவனின் சிந்தனைகளாக அமைந்த கட்டுரைத் தொகுதி 1886இல் வந்து பெயர் ஈட்டித் தந்தது. 1888இல் திருமணம் செய்துகொண்டு, மனைவியுடன் தேம்சில் சிறு படகில் தேனிலவைக் கழித்தார். அந்த ஆற்றைப் பற்றி வரலாற்றுக் குறிப்புகள் நிறைந்த நூலொன்று எழுதவே அமர்ந்தார். நகைப்பகுதி தானாகப் பெருகிற்று. தொடராக வெளியிட்ட இதழாசிரியர் வரலாற்றுப் பகுதிகளில் பெரும்பாலானவற்றை வெட்டிவிட்டார். கதையின் நண்பர் இருவர்க்கும் உண்மை மனிதரே மூலம்: ஒருவர் வங்கி அலுவலர், மற்றவர் அச்சுக்கட்டைத் தொழில் புரிந்தவர். நாய் மட்டும் கற்பனை.

தொல்காப்பியர் நகையை எண்வகை மெய்ப்பாடுகளுள் முதலில் வைத்து, அது பிறக்கும் நிலைக்களன்களுள் பேதைமையையும் ஒன்றாக எண்ணினார். பேதைமை பிறரிடம் தோன்றினும் தன்னிடம் தோன்றினும் நகை பிறக்கும் என்பது உரை மரபு. ஜெரோம் இரண்டாம் வகையினர். மருத்துவ நூலைப் புரட்டி, அதிலுள்ள நோயெல்லாம் தமக்கிருப்பதாக அஞ்சும் பகுதியில் நகைக்கு இலக்காவது கதை சொல்பவரே.

மக்கள் விரும்பிய இந்நூலை அறிஞர் உலகம் ஏளனம் செய்தது. எழுத்தர்களும் கடைச் சிப்பந்திகளும் பேசும் கொச்சை இலக்கியத்தில் நுழைந்துவிட்டது என்பதே குற்றச்சாட்டு. இலண்டன் எளிய மக்கள் சொல்முதல் ஹகர ஒலியை விழுங்கிப் பேசுவதைச் சுட்டும் பட்டப்பெயர் ஒன்றை ‘பஞ்ச்’ இதழ் அவருக்குச் சூட்டியது. 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தால் எழுத்தறிவு பெற்றவர்கள் புதிய வாசகராகப் பெருகிய காலம் அது. அவர்கள் தம் பேச்சை நூலில் கண்டு மகிழ்ந்ததைத் திறனாய்வாளர் பொறுத்துக்கொள்ளவில்லை. மக்கள் வழக்கை எழுத்தில் கொணர்ந்தோர் தமிழிலும் பெற்ற ஏச்சு இத்தகையதே. அமெரிக்காவில் உரிமையின்றி அச்சிட்டுப் பத்து இலட்சம் படிகளுக்கு மேல் விற்றனர். அயல்நாட்டார் நூல்களுக்கு அங்கே பாதுகாப்பளித்த சட்டம் 1891இல்தான் வந்தது. அதனால் நூலாசிரியருக்கு ஒரு காசும் கிட்டவில்லை.

1892இல் ‘ஐட்லர்’ என்னும் திங்களிதழின் ஆசிரியப் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டார். 1893இல் ‘டுடே’ என்னும் வார இதழைத் தொடங்கினார். வணிகர் ஒருவர் தொடுத்த அவதூறு வழக்கு 1897இல் முடிந்தபோது, நடுவர் குழு விதித்த இழப்பீடு ஒரு பார்த்திங். அதாவது கால் பென்னி. ஆயினும் வழக்குச் செலவை அவரவரே ஏற்க நேர்ந்ததால் தம் இதழ்ப் பங்குகளை விற்றார். மீண்டும் எழுதிப் பிழைக்கும் வாழ்க்கை. 1900இல் அதே மூவரை ஜெர்மனியில் மிதிவண்டியில் உலவவிட்டார். 1908இல் மேடையேறிய நாடகத்தால் நகையல்லாச் சுவையிலும் வெற்றி கண்டார்.

அமெரிக்கச் சொற்பொழிவுப் பயணத்தில் சட்டனூகா நகர மேடையில், வேடிக்கை கேட்க வந்திருந்தோர் முன்னிலையில், கறுப்பின மக்களைக் கும்பலாகக் கொல்லும் கொடுமையைக் கண்டித்தார். அவை உறைந்துபோயிற்று. முதல் உலகப்போரில், வயது கருதி இங்கிலாந்துப் படை ஏற்க மறுத்தபோது, பிரெஞ்சுப் படையின் நோயாளர் ஊர்தியை ஓட்டினார். அப்போது அவர் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். கண்ட காட்சிகள் போர்மீது வெறுப்பையே வளர்த்தன. 1921இல், தம் மகளாகவே வளர்த்த மனைவியின் மகள் மறைந்தார்.

1926இல் தன்வரலாறு எழுதி முடித்தார். மறு ஆண்டு பிறந்த ஊரான வால்சால் அவருக்கு நகரின் சிறப்புரிமை வழங்கிப் பெருமை செய்தது. சில திங்களில், ஊர்தியில் பயணம் செய்துகொண்டிருந்தபோது மூளை இரத்தக்கசிவுக்கு ஆளாகி, 1927 ஜூன் 14ஆம் நாள் நார்தாம்டன் மருத்துவமனையில் உயிர் நீத்தார். ஆக்சுபோர்டு வட்டாரத்தில், தேம்சிற்கு அண்மையிலுள்ள யூவெல்ம் சிற்றூர்த் தேவாலய வளாகத்தில் அவர் சாம்பல் புதைக்கப்பட்டது.