படத்தால் பாடம் தந்த பேராசான்

'அ' என்றதும் அணில் ஓடி வருகிறது. 'ஆ' என்றதும் ஆடு துள்ளிக் குதிக்கிறது. பள்ளி செல்லும் வயதை எட்டாத மழலையர்க்கென்றே வரையப்பெறும் கார்ட்டூன் படங்கள் இன்று தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் வீடுதோறும் புகுந்துவிட்டன. இவை நேற்று முளைத்த புதுமை என்று எண்ணுவோர் பலர். ஆனால், எழுத்தை ஓர் உயிரின் உருவத்தோடும் குரலோடும் பிணைத்துக் குழந்தைக்குக் காட்டவேண்டும் என்னும் எண்ணத்திற்கு வயது 350-க்கும் மேல். அவ்வெண்ணத்தை நூலாக்கி உலகுக்கு அளித்தவர் கொமேனியஸ். வரலாற்று மாணவனாகிய நான் அப்பெருமகனாரின் வாழ்வை இங்கே சுருக்கமாகக் கூற விழைகின்றேன்.

இளமையும் இழப்பும்

கொமேனியஸ் என்பது லத்தீன் வழக்கு. தாய்மொழியில் அவர் பெயர் யான் ஆமோஸ் கொமென்ஸ்கி. இன்றைய செக் நாட்டின் பகுதியாகிய மொராவியாவில் 1592 மார்ச் 28-ஆம் நாள் பிறந்தார். பத்து வயதளவில் தந்தையை இழந்தார்; சில ஆண்டுகளில் தாயும் மறைந்தார். உறவினர் ஆதரவில் வளர்ந்த அவர், பதினாறு வயதில்தான் லத்தீன் பள்ளியில் சேர்ந்தார். அந்நாளைய பள்ளி எப்படி இருந்தது? பொருள் விளங்காத இலக்கண விதிகளை மனப்பாடம் செய்யவேண்டும், தவறினால் பிரம்படி. வயது முதிர்ந்து பள்ளிக்கு வந்ததால், அம்முறையின் குறைகளை அவர் நன்கு உணர்ந்தார். பின்னர் ஜெர்மனியில் உயர்கல்வி பெற்றுத் திரும்பி, ஆசிரியராகவும் சமய குருவாகவும் பணியாற்றினார்.

1618-இல் முப்பதாண்டுப் போர் மூண்டது. அவர் சமயப்பணி ஆற்றிவந்த ஃபுல்நெக் என்னும் ஊர் 1621-இல் சூறையாடப்பட்டது. அவர் தலைமறைவாக வாழ நேர்ந்தது. அடுத்த ஆண்டு கொள்ளை நோய் வந்தது. இளம் மனைவியையும் பச்சிளங் குழந்தைகள் இருவரையும் அது கொண்டுபோயிற்று. முப்பது வயதில் வீடில்லை, மனைவியில்லை, மக்களில்லை. மதம் மாறு, இல்லையேல் நாட்டை விட்டு வெளியேறு என்னும் நிலை வந்தபோது, 1628-இல் போலந்து நாட்டின் லெஸ்னோ நகருக்குப் புறப்பட்டார். பிறந்த மண்ணில் அவர் மீண்டும் குடியேறவே இல்லை.

தாய்மடிப் பள்ளி

தம் குழந்தைகளைப் பறிகொடுத்த அம்மனிதர், ஊரார் குழந்தைகளைப் பற்றி எண்ணத் தொடங்கினார். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளை எவ்வாறு வளர்த்துக் கற்பிப்பது என்று தாய்தந்தையர்க்காக ஒரு நூல் எழுதினார். அது 1633-இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. மழலைக் கல்விக்கெனத் தனியே எழுதப்பெற்ற முதல் நூல்களுள் அது ஒன்று. நீர் எது, மண் எது, மழை எது என்று கண்டறிதல், நிறங்களைப் பெயர் சொல்லி அழைத்தல், சிறிது பெரிது, ஒன்று இரண்டு என்று எண்ணுதல், கதை கேட்டல், விளையாடுதல் இவையே அப்பள்ளியின் பாடங்கள். தாயின் மடியே வகுப்பறை. ஆண், பெண், ஏழை, செல்வர் என்ற வேறுபாடின்றி எல்லாக் குழந்தைகளும் கல்வி பெறவேண்டும் என்பதும் அவர் கொள்கை. அக்காலத்தில் இது புரட்சிக் கருத்து என்பதை நாம் மறக்கலாகாது.

1631-இல் வெளிவந்த அவருடைய லத்தீன் பாடநூல் அவர் புகழை ஐரோப்பா எங்கும் பரப்பியது. 1641-இல் லண்டனுக்கு அழைக்கப்பட்டார்; அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது. பின்னர் ஸ்வீடன் நாட்டிற்காகப் பாடநூல்கள் எழுதினார். 1648-இல் போர் முடிந்து உடன்படிக்கை கையெழுத்தானபோது, நாடு கடந்தோர் தாயகம் திரும்ப அதில் வழியில்லை. அவருடைய இருபதாண்டு நம்பிக்கை அன்றோடு அற்றுப்போயிற்று.

படங்களின் உலகம்

1650 முதல் 1654 வரை ஹங்கேரி நாட்டின் ஷாரோஷ்பட்டக் நகரில் பள்ளிப்பணி ஆற்றினார். பாடங்களை நாடகமாக்கி மாணவர்களை நடிக்கவைத்தது அங்கேதான். அவர் பெயரை நிலைநிறுத்திய படநூலை எழுதியதும் அங்கேதான். ஆனால், அவர் விரும்பியவண்ணம் படம் செதுக்கும் கலைஞர் அவ்வூரில் கிடைக்கவில்லை. எனவே கையெழுத்துப்படி ஜெர்மனியின் நூரன்பர்க் நகருக்குச் சென்றது. 1658-இல் 'ஓர்பிஸ் பிக்டஸ்' என்னும் அந்நூல் வெளிவந்தது. கண்ணால் காணும் உலகைப் படமாகத் தருவது என்பது அப்பெயரின் கருத்து.

நூலின் தொடக்கத்தில் எழுத்துகள் வருகின்றன. காகம் கரையும் ஒலியில் ஓர் எழுத்து. ஆட்டுக்குட்டி கத்தும் ஒலியில் ஓர் எழுத்து. பாம்பின் சீற்றத்தில், வாத்தின் குரலில், கரடியின் உறுமலில் ஒவ்வோர் எழுத்து. அருகே அவ்வுயிரின் படம். அடுத்து 150 பாடங்கள். வானம், நெருப்பு, நீர் தொடங்கி, ரொட்டி சுடுபவர், நெசவாளர், தச்சர், அச்சுக்கூடம், பள்ளிக்கூடம் வரை எல்லாம் உண்டு. படத்திலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். கீழே பாடத்தில் அச்சொல்லுக்கும் அதே எண். குழந்தையின் விரல் படத்திலிருந்து சொல்லுக்கும், சொல்லிலிருந்து படத்திற்கும் தானே நடந்துசெல்லும். மறு ஆண்டே லண்டனில் ஆங்கிலப் பதிப்பு வந்தது. இரண்டு நூற்றாண்டுகளாக ஐரோப்பியச் சிறுவர் கைகளில் அந்நூல் தவழ்ந்தது.

இங்கே ஒன்றைக் கருதவேண்டும். படமே போதும் என்று கொமேனியஸ் கருதவில்லை. பொருளையே காட்ட முடியுமானால் காட்டவேண்டும். காட்ட இயலாதபோது படம் துணைநிற்கட்டும். அப்படத்தைக் குழந்தை தன் கையால் வரைந்து பார்க்கட்டும் என்பதே அவர் வகுத்த நெறி. அவருக்குப் படம் ஒரு வாசல். வாசலிலேயே குழந்தையை உட்காரவைப்பது அவர் நோக்கமன்று.

அசையும் படம்

கொமேனியஸ் தாளில் அசையாது நிறுத்திய காகம் பின்னர் திரையில் சிறகடித்தது. 1969 நவம்பர் 10-ஆம் நாள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'செசமி ஸ்ட்ரீட்' நிகழ்ச்சி, எழுத்தையும் எண்ணையும் குறுங் கார்ட்டூன்களால் மழலையர்க்குக் கற்பித்தது. குழந்தையின் கண் எப்போது திரையை விட்டு விலகுகிறது என்று சோதித்துப் பார்த்தே அதனை உருவாக்கினர். காகத்தின் குரலைத் தாள் தரமுடியாது, திரை தரும். இது பெரும் பேறே. ஆயின் தாளிலுள்ள படம் குழந்தைக்காகக் காத்திருக்கும், திரைப்படம் காத்திராது. இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைகள் உட்கார்ந்து திரை பார்க்கும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணியைத் தாண்டலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது.

என் தாயார் எங்கள் ஊர் அங்கன்வாடியில் பணியாற்றுகிறார். விடுமுறையில் நான் அங்கே உதவச் செல்வதுண்டு. ஒருநாள் தவளை பற்றிய கார்ட்டூன் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிய என் தாயார், படம் முடிந்ததும் எல்லாரையும் வரிசையாகக் குளக்கரைக்கு அழைத்துச் சென்றார். கரையில் ஒரு தவளை தாவிற்று. திரையில் பார்த்தபோது வாய்மூடி இருந்த பிள்ளைகள் அங்கே கூவிக் குதித்தனர். திரும்பி வந்ததும் ஆளுக்கொரு தவளையைச் சிலேட்டில் வரைந்தனர். கொமேனியஸின் பெயரை என் தாயார் கேட்டதில்லை. ஆனால் அவர் நெறியைக் கண்டேன்.

இறுதிக்காலம்

1656-இல் லெஸ்னோ நகர் தீக்கிரையாயிற்று. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தொகுத்துவந்த செக்-லத்தீன் அகராதியின் கையெழுத்துப்படி அத்தீயில் அழிந்தது. அறுபத்து நான்கு வயதில் மீண்டும் அகதியானார். ஆம்ஸ்டர்டாம் நகரம் அவருக்குப் புகலிடம் தந்தது. கல்வி பற்றிய அவர் நூல்கள் 1657-இல் அங்கே ஒருசேர வெளியாயின. 1670 நவம்பர் 15-ஆம் நாள் மறைந்தார். ஹாலந்து நாட்டின் நார்டன் என்னும் ஊரில் அவர் உடல் அடக்கம் செய்யப்பெற்றது. உயிரோடிருந்தபோது இடந்தராத தாயகம், இன்று அவர் பிறந்த நாளை ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகிறது. தன் 200 கொருனா பணத்தாளில் அவர் உருவைப் பொறித்திருக்கிறது.

மாணவத் தோழர்களே! நம்முள் பலர் நாளை ஆசிரியராவோம். அனைவர் வீட்டிலும் குழந்தைகள் தவழும். நம்மில் சிலர் மழலையர்க்கான படங்களை வரையவும் கூடும். குழந்தையின் முன் படத்தை வைக்கும்போது அருகில் நாமும் அமர்வோம். படம் முடிந்ததும் அதன் கையைப் பற்றி வெளியே அழைத்துச் செல்வோம். வீடிழந்து, மக்களை இழந்து, நாடிழந்து நின்றபோதும் பிறர் குழந்தைகளுக்காக உலகையே ஒரு நூலில் வரைந்து வைத்த அப்பேராசானுக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் அதுவேயாகும்.